மூன்றாவது கிளாஸ்

துரை,

நேற்று மாலை உங்கள் மகன் பதுளையிலிருந்து பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். கையில் கால்வாசி மிஞ்சிய ஒரு விஸ்கிப் போத்தல். நீங்கள் போன மாதம் காலமான செய்தியைச் சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார். புகையும் கடலுப்பும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த அந்த வாசம் அறை முழுவதும் பரவியது.

"அப்பா இத யாருக்கும் குடுக்கல. 'டீமேக்கர்கிட்ட கொண்டு போ, இது நெசமாவே சாராயந்தானான்னு இன்னொரு தடவ கேளு'ன்னு சொல்லிட்டுத்தான் போனார்."

"வயசாயிருச்சுங்க தம்பி. மூக்கு முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் உங்களுக்கு உரியது. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

நமுனுகுல மலைச்சரிவில் நம் தோட்டம் வெள்ளைக்காரப் பெரியதுரையின் கையில் இருந்த காலம் நினைவிருக்கிறதா? நீங்கள் சின்னத்துரை, அவருக்கு உதவி மேலாளர். நான் டீமேக்கர், பெக்டரியில் தேயிலையை ருசி பார்த்துத் தரம் பிரிப்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். பெரியதுரை பார்லியில் வடித்த மூன்று ஸ்கொச் மோல்ட் விஸ்கிகளைப் பெயர் சொல்லி ருசி காட்டினார். பிறகு கிளாஸ்களை இடம் மாற்றி வைத்து, எது எது என்று சொல்லச் சொன்னார். முதலில் குடித்த நீங்கள் மூன்றையும் மாற்றிச் சொன்னீர்கள்.

நான் ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தேயிலைக்குச் செய்வதுபோல உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பினேன். ஒன்றில் பேரிக்காயும் தேனும். இன்னொன்றில் உலர்ந்த திராட்சையும் தோடம்பழத் தோலும். மூன்றாவது பெரியதுரையின் நாட்டுத் தீவு ஒன்றிலிருந்து வந்தது; அங்கே சதுப்பு மண்ணைக் காயவைத்து எரித்து அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். அதைக் கண்டுபிடிக்க நாக்கே தேவையில்லை, மூக்கு போதும். மூன்றையும் சரியாகச் சொன்னேன். பெரியதுரை மேசையைத் தட்டிச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே புகை விஸ்கிப் போத்தல் காலியாகிக் கிடந்தது. பங்களாவில் சமைத்துப் பரிமாறிய மாரிமுத்துதான் குடித்தான் என்றீர்கள். மறுநாள் காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில், கொழுந்து பறிக்கப் போக நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவரை நிறுத்தினீர்கள். காலிப் போத்தலைக் கயிற்றில் கட்டி அவர் கழுத்தில் தொங்கவிட்டீர்கள்.

"சாமி சத்தியமா நான் தொடலைங்க தொரை" என்று அழுதார், ஐம்பது வயது மனிதர்.

"கள்ளப்பயலே, வாயை மூடு" என்று நீங்கள் கத்தியபோது நான் உங்களிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் நின்றேன். உங்கள் மூச்சில் அந்தப் புகை வாசம் அடித்தது. தோட்டம் முழுவதிலும் அப்படி வாசமடிக்கும் பொருள் அந்தப் போத்தல் ஒன்றுதான். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு ஒரு குவாட்டர்ஸ் இருந்தது, பள்ளிக்கூடம் போகும் மகள் இருந்தாள்.

தோட்டப் பதிவிலிருந்து அவரது பெயரை வெட்டினார்கள், லயத்தில் அவர் குடியிருந்த காம்பராவைப் பூட்டினார்கள். இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு ரயிலேறி, பிறகு கப்பலேறிப் போனார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபின் நீங்கள் பெரியதுரை ஆனீர்கள். எதை மறந்தாலும் அந்த விளையாட்டை மறக்கவில்லை. விருந்தாளி வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, "நம்ம டீமேக்கர் நாக்கு பொய்யே சொல்லாது" என்பீர்கள். பத்து வருஷம் நானும் பொய் சொல்லாமலே காத்திருந்தேன்.

கொழும்புத் தலைமை அலுவலகத்தின் பெரியவர் வந்த அன்று மூன்று கிளாஸ் வைத்தீர்கள். மூன்றாவது அதே தீவு விஸ்கி. வெளிநாட்டிலிருந்து பாடுபட்டு வரவழைத்தது; நேற்று உங்கள் மகன் கொண்டுவந்த போத்தல் அதுதான். முதல் இரண்டையும் சரியாகச் சொன்னேன். மூன்றாவதை முகர்ந்து கீழே வைத்தேன்.

"இது ஸ்கொச் இல்லீங்க. நாட்டுச் சாராயம். தேயிலைச் சாயம் ஊத்திப் புகை காட்டியிருக்கு."

பெரியவர் முகர்ந்தார். "ஆமா, சாராயம் மாதிரித்தான் இருக்கு" என்றார். கூட வந்தவர்களும் ஒவ்வொருவராக முகர்ந்து, ஒவ்வொருவராகச் சாராயம் என்றார்கள். கடைசியில் கிளாஸை நீங்களே எடுத்தீர்கள். உங்கள் முகத்தில் சந்தேகம் வந்ததைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சோறு தின்றேன்.

"விருந்தாளிக்கே கலப்படம் ஊத்துறவர் தேயிலையில என்னதான் செய்ய மாட்டார்?" என்று பெரியவர் கேட்டாராம். மூன்று மாதத்தில் உங்களைக் கொழும்பில் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அதற்குப்பின் எந்த விருந்திலும் நீங்கள் ருசி பற்றிப் பேசியதில்லை என்று உங்கள் மகன் நேற்றுச் சொன்னார். கேட்கக் கேட்க இனித்தது.

இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் ஊற்றியது அசல் ஸ்கொச். அவ்வளவு நல்ல விஸ்கியை நான் அதற்கு முன்பும் முகர்ந்ததில்லை, பின்பும் முகர்ந்ததில்லை. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

வெற்றி எனக்குத்தான், துரை. ஆனால் மாரிமுத்துவை ரயிலேற்ற நானும் போயிருந்தேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது நம்புறீங்களா ஐயா?" என்று கேட்டார். பிளாட்பாரத்தில் உங்கள் ஆள் ஒருவன் நின்றான். "ரயில் கெளம்பப் போவுது, கைய உள்ள எடுங்க" என்றேன்.

அவர் கையை உள்ளே எடுத்துக்கொண்டார்.