இடித்துவிட்ட ஊரில் சம்பந்தம் விசாரித்தேன்

ஒக்கலிபுரம், பெங்களூர்

அன்பு மகள் லீனாவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஹாங்காங்கில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஆல்வினைக் கட்டிக்கொள்கிறேன் என்றாய், அவன் அம்மா அங்கே கவ்லூன் கோட்டை என்கிற பழைய குடியிருப்புக்குள் பிறந்து வளர்ந்தவர் என்றாய். அப்பா நெட்டில் பார்த்துவிட்டு, "போலீஸே நுழையாத ஊராமே, அபினும் சூதாட்டமுமா இருந்துச்சாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். என் வழக்கம் உனக்குத் தெரியும். நம் கோயில் பங்கில் எந்தச் சம்பந்தமானாலும் அந்தத் தெருவுக்கே போய், "உங்க பிள்ளைய அந்த வீட்ல விட்டுட்டு வேலைக்குப் போவீங்களா" என்று அக்கம்பக்கத்தில் கேட்காமல் நான் சரி சொன்னதில்லை. இதற்கு எங்கே போவேன், முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே இடித்துப் பூங்கா ஆக்கிவிட்டார்களே. விடுவேனா, எதிர்வீட்டு ஓஸ்வால்ட் அங்கிள் மகளை உட்காரவைத்து அந்த ஊர் வீடியோவெல்லாம் போடச் சொன்னேன்.

லீனா, என்ன ஊர் அது! சீன சர்க்காரும் பிரிட்டிஷ் சர்க்காரும் எனக்கென்ன என்று விட்ட இடம், நாலு கால்பந்து மைதானப் பரப்புகூட இல்லை, அதில் முப்பதாயிரம் பேர்! இன்ஜினியரே இல்லாமல் பதினான்கு மாடி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிறது. சந்தில் பட்டப்பகலிலும் லைட், மேலே குழாய் சொட்டுவதால் குடை பிடித்து நடக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாத பல் டாக்டர்கள், மீன் உருண்டைப் பட்டறைகள், மொட்டை மாடியில் விளையாடும் பிள்ளைகளின் தலையை உரசுகிற மாதிரி விமானம். ரவுடிகள் இருந்ததும் நிஜம்தான். ஆனால் ஜனங்களே சங்கம் வைத்துத் தெருவைப் பெருக்கிச் சண்டையையும் தீர்த்திருக்கிறார்கள். இங்கே நம் கட்டடத்தில் மூன்றே குடித்தனம், தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்று வாரம் ஒரு சண்டை! வீடியோ கடைசியில் அங்கே குடியிருந்த ஒரு கிழவி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போனேன் என்றாள். நான் கேட்காமலே என் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, எழுது" என்றார்.

எங்களுக்குச் சம்மதம் மகளே. ஆனால் முறை என்றால் இரண்டு பக்கமும் முறை, ஆல்வின் அம்மாவும் நம்மை விசாரிக்க வேண்டும். மாடி வீட்டு ருக்மிணியின் நம்பரை அவருக்குக் கொடு. அதே கேள்வியைக் கேட்கச் சொல். மோட்டார் சண்டையெல்லாம் என்னோடுதான், அவள் என்ன சொல்வாளோ!

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், அவன் நெற்றியிலும். புயல் எச்சரிக்கை வந்தால் வெளியே போகாதே. நான் நாளைக்கு மோட்டாரை ருக்மிணியே முதலில் போடட்டும் என்று விட்டுவிடப் போகிறேன்.

உன் அம்மா,
பெர்னதெத்