ஸ்கேனில் விழுந்த கோடு

அக்டோபர் 7, செவ்வாய்

செம்பூரில் வெயில், மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கியதும் மழை. குடை வீட்டில்.

விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் எங்கள் ஆபீசின் ஜெராக்ஸ் மிஷினுக்குத் திடீர் நோய். எதை ஸ்கேன் செய்தாலும் மேலிருந்து கீழ்வரை மங்கிய சிவப்பில் ஒரு கோடு. தாராவி பேச்சியக்கா மகள் செல்வியின் நர்சிங் பதிவு விண்ணப்பம் இதனாலேயே திரும்பி வந்துவிட்டது. கோடு மதிப்பெண் மேலேயே விழுந்திருக்கிறது. வெள்ளிக்குள் ஒரிஜினலையே ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வேலை வேறு யாருக்கோ.

சார் என்னைப் பார்த்த பார்வை! செகண்ட் ஹேண்ட் மிஷின் போதும் என்றது நான்தானே.

கண்ணாடியைத் துடைத்தேன். கோடு அப்படியே. கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் சுத்தமாக வருகிறது. ஆக, டோனர் மேல் பழி போட முடியாது. ஸ்கேனர்தான்.

வாங்க: தயிர், பல்பு, அம்மாவுக்கு மாத்திரை.

அக்டோபர் 8, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

மெக்கானிக்குக்கு போன். மிஷினைப் பார்க்காமலே தீர்ப்பு: "சென்சர் கயா, மேடம். நயா டால்னா படேகா." சென்சர் போச்சாம், புதுசு போடணுமாம். சார் காதில் விழுந்துவிட்டது.

"திருப்பிக் குடுத்துடுங்கோ. நான் அன்னிக்கே சொன்னேன்."

அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. தலையாட்டினார்.

பேச்சியக்கா வந்தாள். வெளியே கடையில் ஸ்கேன் பண்ணிக்கொள்ளலாம் என்றேன். "கண்ட கடையில குடுத்து ரேசன் கார்டு தொலைஞ்சது போதும்மா. இட்லி அவிச்சு வித்துப் படிக்க வச்ச புள்ள. எப்பிடியாச்சும் நீங்களே பாத்துச் செஞ்சிருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவள் போனதும் மறுபடி கண்ணாடி துடைப்பு. தேய்ந்தே போகும்.

பல்பு வாங்கியாச்சு. தயிர் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

செல்வியே வந்தாள், ஒரிஜினலோடு. எல்லாமே லேமினேஷன். வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வரும் சந்தில் வேறென்ன செய்வார்கள்.

எங்கள் ஆபீசில் யாரும் மூடியைத் திறந்து ஸ்கேன் செய்வதில்லை. மேலே உள்ள ஃபீடரில் காகிதத்தைச் சொருகினால் அதுவே இழுத்துக்கொள்ளும். லேமினேஷன் அட்டை அதில் போகாது. வேறு வழியில்லாமல் மூடியைத் தூக்கிக் கண்ணாடி மேல் வைத்தேன்.

கோடு இல்லை!

இன்னொன்று. அதிலும் இல்லை. "தீதி, ஹோ கயா! ஆயிருச்சுக்கா!" என்று செல்வி கத்தியதில் சார் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர். இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். மத்தியானத்துக்குள் எல்லாம் ஏற்றியாச்சு.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. பெரிய கண்ணாடியில் குறையில்லை. அப்படியானால் ஃபீடரில் போகும் காகிதத்தை மிஷின் எங்கே பார்க்கிறது? மொபைல் டார்ச் அடித்துத் தேடினேன். இடது ஓரத்தில், விரல் அகலத்தில் இன்னொரு கண்ணாடிப் பட்டை. அதன் மேல்தான் காகிதம் ஓடுகிறது. பட்டையில் கடுகளவு சந்தனமும் குங்குமமும், காய்ந்து ஒட்டிக்கொண்டு.

ஆயுத பூஜை! சார் தன் கையால் மிஷினுக்கு வைத்த பொட்டு.

"பெரிய கண்ணாடியிலே நான் வெக்கவே இல்லையே. பேப்பர் பாழாயிடும்னு பாத்துப் பாத்து ஓரமாத்தானே வெச்சேன்" என்றார். முகம் சின்னதாகிவிட்டது. சிரிப்பை அடக்க, ஃபைல் தேடுவதுபோல் மேஜைக்குக் கீழே குனிந்தேன்.

ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. ஃபீடரில் ஒரு தாள். வெள்ளை வெளேர். மெக்கானிக்குக்கு போன் செய்து வர வேண்டாம் என்றேன். திருப்பிக் கொடுக்கும் பேச்சை சார் எடுக்கவே இல்லை.

அப்பாடா. தயிர் இன்றும் மறந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

வானம் தெளிவு. காலையிலேயே செல்வி போன்: சான்றிதழ்களை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பேச்சியக்கா கோயிலிலிருந்து நேராக ஆபீசுக்கு. கையில் பூ, இலையில் சந்தனம். அழுகையும் சிரிப்புமாக, "இந்த மிசினுதாம்மா எங்களுக்குச் சாமி. ஒரு பொட்டு வச்சிருதேன்" என்று மூடியைத் தூக்கப் போனாள்.

"வேண்டாம்!" சாரும் நானும் ஒரே குரலில்.

பயந்தே போய்விட்டாள், பாவம். சந்தனம் விரலில் அப்படியே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நெற்றியை நீட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் துடைக்கவில்லை.