திருக்கையைத் தூக்கிய கை

கோலாலம்பூர்
சனிக்கிழமை காலை

அன்பு மகள் றொஷேலுக்கு,

மாதாவின் காவலில் நீயும் மருமகனும் உன் வயிற்றிலிருக்கும் எங்கள் பேரப்பிள்ளையும் சுகமாய் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன், இங்கே நானும் சுற்றுலா வந்த எங்கள் பங்கு மாதர் சங்கத்துப் பெண்களும் கால் வீக்கத்தைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அப்பா ஊரில், வங்காலையில் ஆடுகளோடு சுகம், நேற்றும் போன் எடுத்து ஆட்டுக்கு யார் குழை ஒடிப்பது என்று சண்டை பிடித்தார். பிள்ளைப்பேற்றுக்கு நாங்கள் இருக்கிற பேர்கனுக்கு வாங்கோ அம்மா என்று நீ மூன்று தரம் கேட்டும் நான் அப்பாவையும் ஆட்டையும் சாட்டுச் சொன்னேன். உண்மை அதுவல்ல பிள்ளை. பாஷை தெரியாத ஊரில் உனக்கு ஒரு அவசரம் என்றால் ஆஸ்பத்திரியில் யாரிடம் என்னவென்று சொல்வேன், வாய் திறக்கமுடியாமல் நின்று உனக்குப் பாரமாகிவிடுவேனே என்ற பயம்தான். இந்தச் சுற்றுலாவுக்கே பக்கத்து வீட்டுத் திரேசம்மா அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

அதை விடு, நேற்றைய கூத்தைக் கேள். காலையில் விலங்குப் பூங்காவில் ஒரு நீண்ட வரிசை, புலியாக்கும் என்று நாங்களும் வெயிலில் காய்ந்து போய்ப் பார்த்தால் வேலிக்குள் இரண்டு கழுதை! சனம் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறது. மன்னார் பஸ் நிலையத்திலை கழுதை விலகினால்தான் எங்களுக்கு பஸ்ஸே வெளிக்கிடும், இதைப் பாக்கவோ கடல் கடந்து வந்தனாங்கள் என்று திரேசம்மா அக்கா கேட்க, சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. ஆனாலும் நானும் ஒரு படம் எடுத்தேன், இதோடு அனுப்புகிறேன், நடுவில் நிற்பதுதான் அம்மா.

பின்நேரம் மீன் காட்சிச்சாலை. கண்ணாடிக்குப் பின்னால் விளைமீனும் பாரையும் உலாவ, நாங்கள் இது குழம்புக்கு, அது பொரிக்க என்று பிரித்துக்கொண்டே நடந்தோம். கடைசியில் ஒரு தாழ்ந்த தொட்டி, அதில் திருக்கை மீன்களைத் தொட்டுப் பார்க்கலாமாம். எல்லோரும் ஒற்றை விரலால் தடவினார்கள். எனக்கு முன்னால் ஒன்று வந்ததும் இந்தக் கை என்னைக் கேட்கவே இல்லை, ஊரில் வலையிலிருந்து மீன் கழற்றுகிற மாதிரி கண்ணுக்குப் பின்னாலுள்ள ஓட்டைகளில் விரலைக் கொடுத்துத் தூக்கி, குத்துகிற முள் எங்கே என்று வாலைத் திருப்பிப் பார்த்துவிட்டேன்! சனம் கத்தியது, காவலுக்கு நின்ற பெண்பிள்ளை விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது, மீனைப் பக்குவமாய்த் தண்ணீரில் விட்டுவிட்டுக் கைகூப்பி நின்றேன். அவள் தன் பாஷையில் படபடவென்று என்னவோ சொன்னாள். நான் என் செருப்பைக் கழற்றி, நீ வயிற்றிலிருந்தபோது திருக்கை குத்திய தழும்பைக் காட்டினேன். அவளுக்கு விளங்கிவிட்டது! நகம் வெட்டுவதுபோல் விரலில் செய்துகாட்டினாள், முள்ளை வெட்டித்தான் விடுகிறார்களாம். பிறகு என் உள்ளங்கையில் ஒரு துண்டு மீனை வைத்து அந்தத் திருக்கைக்கே கொடுக்கவைத்தாள், அது உறிஞ்ச எனக்குக் கூச்சம் தாங்கவில்லை.

அப்படியே கதை வளர்ந்தது. வயிற்றை வளைத்துக் காட்டி, தூரத்தில் மகள் என்று கையை நீட்டினேன். எப்போது என்று விரலை மடக்கிக் கேட்டாள், இரண்டு மாதம் என்று காட்டினேன். உடனே அவள் கையை விமானம்போல் பறக்கவிட்டு, போகப்போகிறாயா என்று கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன் றொஷேல்! உனக்கும் அப்பாவுக்கும் சொல்வதற்கு முதலே பேர் தெரியாத ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன்.

இதைத் தாளில் எழுதிப் படம்பிடித்து அனுப்புவது, போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால்தான். பாரம் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. விசாவுக்கு வேண்டிய கடிதத்தை இன்றைக்கே எழுது, பிந்தினால் எனக்குப் பயம் திரும்பவும் வந்துவிடும். அப்பாவுக்கு நானே சொல்கிறேன், ஆடுகள் அவரைப் பார்த்துக்கொள்ளும். அந்தோனியார் உன்னையும் பிள்ளையையும் கைவிடமாட்டார்.

பெட்டி கட்ட ஆயத்தமான உன் அம்மா,
அன்ரோனெற்