தம்பிக்கு ஒரு காது

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. தலையணைக்கு அடியில் ரப்பர் பல்லி வைக்க ஆளில்லாமல் அங்கே நிம்மதியாக இருக்கிறாயா?

ஒரு செய்தி சொல்ல வேண்டும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை இங்கிருந்து வெளியூர் விடுதிகளுக்கு அனுப்புவதுதான் வழக்கம். பையனுக்கு ஓர் ஊர், பெண்ணுக்கு வேறோர் ஊர். இந்த வருஷம் நகராட்சியில் ஒரு குழு போட்டார்கள். காஞ்சிபுரத்திலேயே நல்ல வீடுகளாகப் பார்த்து, வளர்க்கும் செலவைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு.

முடிவு நல்லதுதான். வீட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு தாள் வைத்திருந்தார்கள். கூரை ஒழுகுமா? கிணறு உண்டா? கட்டில் எத்தனை? அந்தத் தாள்படி எனக்குச் செவிலிமேட்டில் பட்டு நூல் சுற்றும் சரசு அக்கா வீடு. கட்டில் இருக்கிறதென்று நம் ஐந்து வயதுப் பொடியனுக்கு ஐயம்பேட்டையில் ஒரு வீடு.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். "சார், கட்டில் எண்ணினீங்க. காது எண்ணினீங்களா?"

"இன்னாமா, கிண்டலா?" என்றார் தலைவர்.

"அம்மா போனதுலேர்ந்து இவன் என் காதைப் புடிச்சிக்கினுதான் தூங்குறான் சார். உங்க அஞ்சு பேருக்குப் பத்து காது இருக்குது. ஒண்ணுகூட அவனைக் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். தாளை நிரப்பிக்கொண்டிருந்த அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. தம்பியை அருகில் அழைத்து, "நீ யாரோட இருக்கணும்பா?" என்று கேட்டார். அவன் எட்டி என் காதைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சமாளித்தேன். நம்பியிருப்பாயா நீ?

பின்னாலிருந்து சரசு அக்கா குரல். "எங்கூட்ல கட்டில் இல்லீங்க, பாய் இருக்குது. ரெண்டும் எங்கிட்டயே வரட்டும். இவ இஸ்கூலுக்குப் போற நேரத்துக்கு என் காது சும்மாதானே இருக்குது!"

அப்படித்தான் இரண்டு பேரும் செவிலிமேட்டுக்கு வந்தோம். ஊர்ப் பெயரிலேயே செவிலி இருக்கிறாள் பார். இப்போது அந்தத் தாளில் முதல் கேள்வியே பிள்ளைகளிடம்தான்: யார் பக்கத்தில் இருந்தால் உனக்குத் தூக்கம் வரும்?

நேற்று மத்தியானம் தம்பி சரசு அக்கா காதைப் பிடித்தபடி தூங்கிப்போனான். எனக்குக் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் பொறாமை. உன் காதை விட்டு அவன் என் காதுக்கு மாறியபோது உனக்கு எப்படி இருந்தது அம்மா?

அவன் எந்த வீட்டில் வளர்ந்தாலும் அந்த வீட்டில் நானும் இருப்பேன். இது சத்தியம். சேட்டையை விடுவேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே.

உன் மகளும் அவன் அக்காவுமான
மல்லிகா