புருஷன் கையெழுத்து

பதுளை,
12.6.1974

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

தெமோதரையில் பார்த்த வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை.

"கடன் கட்ட உங்கட சம்பளம் காணும் ரீச்சர். ஆனால் வீட்டை ஈடு வைக்க எங்கட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி புருஷன்ர கையெழுத்தும் வேணும்" என்றார் மனேஜர்.

"அவர் விட்டிட்டுப் போய்ப் பத்து வருஷம்."

"உயிரோடதானே இருக்கிறார்?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கைவிட்டுப் போனதை நிரூபித்தால் நீதிமன்றமே அனுமதி கொடுக்குமாம். நீங்கள்தான் சாட்சி. மருமகன் கொழும்பில் வேலை என்று இத்தனை காலம் ஊருக்குச் சொன்னது போதும். நடந்ததை நடந்தபடி எழுதி, சமாதான நீதவான் முன் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கொஞ்சம் மிளகாய்த்தூளும் வையுங்கள். ஒருத்தி சமையலுக்குச் சிறு காகிதச் சரை போதும்.

தபால் எடுக்கும் நேரமாகிறது. வெட்கம் அவருக்கு வரட்டும், அம்மா.

மகள்,
திலகவதி