அப்பாவின் முதுகு

ஜூன் 9, திங்கள்

கல்சிற்பிகள் ஊரான மயிலாடியில் ரெசிடென்சி, இன்று முதல் நாள். ரெசிடென்சி என்றால் அங்கேயே தங்கிச் சிற்பம் செய்ய வேண்டும். பக்கத்து ஊர் கொட்டாரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எதற்கு அந்தக் கொசுக்கடி? அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் தினமும் போய் வருவதாகச் சொல்லிவிட்டேன்.

சின்ன வயதில் நான் நின்றுகொண்டு போன முன்பக்கத்தில் இப்போது களிமண் மூட்டை நிற்கிறது. வயல்காற்று மட்டும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா கோட்டாறு பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போவார். முன்னால் நான், பின்னால் அம்மா. என் உச்சந்தலையில் அவர் தாடை இடிக்கும். சட்டையெல்லாம் பெருங்காய வாசம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

ஜூன் 11, புதன்

ஸ்கூட்டர் ஓட்டும் அப்பாவின் முதுகைத்தான் செய்யப்போகிறேன். முதலில் களிமண், பிறகு கல். முன்னால் நின்ற எனக்கு அந்த முதுகு தெரிந்ததே இல்லை. அதனால்தான் ஆசையோ என்னவோ.

பக்கத்துக் கொட்டகையில் சாமி சிலை செதுக்கும் தங்கையன் அண்ணன் சிரிக்கிறார். "மொதுகா? சொவரோட சேத்து வைக்குற செலைக்கு நாங்க மொதுகக் கொத்தவே மாட்டோம் டீச்சரே." நான் டிராயிங் டீச்சர் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. "மனுசன் கோவிச்சுட்டுப் போறது மாதிரில்லா இருக்கும்?"

அப்பா இறந்து இரண்டு வருஷம். அதற்குப்பிறகு அவள் இந்த ஸ்கூட்டரில் ஏறவில்லை. அவர் போட்டோவைக்கூட நின்று பார்ப்பதில்லை. அவள் இதைப் பார்த்து 'அவருதான்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கல்லில் உளியே வைக்கமாட்டேன்.

ஜூன் 14, சனி

மழை. நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வந்தேன். களிமண்ணில் தோள் வந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

களிமண் முதுகு முடிந்தது. வீட்டு ஆல்பத்தில் அப்பாவின் முதுகே இல்லை. யார் முதுகைப் படம் எடுப்பார்கள்? அவர் சட்டையைக் கட்டிலில் விரித்துப்போட்டுத்தான் அளவெடுத்தேன். நிமிர்ந்து, கம்பீரமாக வந்திருக்கிறது. நாளை அம்மா பார்க்க வருகிறாள் – பஸ்ஸில்தான் வருவாளாம்.

ஜூன் 18, புதன்

அம்மா நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா இது உங்கப்பா இல்ல மக்கா."

"எங்க தப்புன்னு சொல்லும்மா."

"தெரியல்ல. அவரு இப்பிடி இருக்கமாட்டாரு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இவளை எதற்கு வரச்சொன்னேன்?

திரும்பிப் போகப் பஸ் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்கூட்டரில் ஏறினாள். அப்பாவோடு போகும்போது உட்காருவதுபோலவே, ஒருபக்கமாக, இரண்டு காலையும் இடப்புறம் தொங்கவிட்டு. வண்டி இடப்பக்கம் இழுத்தது. விழாமல் இருக்க நான் வலது தோளைத் தாழ்த்தி, கொஞ்சம் சாய்ந்து ஓட்டினேன்.

குளத்தங்கரை வளைவில்தான் உறைத்தது. அப்பாவும் இப்படித்தானே ஓட்டியிருப்பார்? அம்மா பின்னால் இருக்கும்போது அவர் எப்படி நிமிர்ந்து உட்கார முடியும்? அவள் பார்த்ததெல்லாம் அவளுக்காகச் சாய்ந்த முதுகு. நான் சட்டையை அளந்து நேராக்கி வைத்திருக்கிறேன்!

வண்டியை நிறுத்திவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

"என்னட்டி, பெட்ரோல் தீந்துட்டா?" என்றாள் அம்மா.

ஜூன் 19, வியாழன்

எல்லாவற்றையும் கலைத்தேன். உள்ளேயிருந்த கம்பியை வலப்பக்கம் வளைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"கோணலால்லா இருக்கு டீச்சரே," என்றார் தங்கையன் அண்ணன்.

"கோணல்தான் அண்ணே."

ஜூன் 24, செவ்வாய்

இன்று அம்மா என் பின்னாலேயே உட்கார்ந்து வந்தாள். கொட்டகைக்குள் போனதும் சிலையின் பின்புறம் போய் நின்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஈரக் களிமண் தோளில் மெதுவாக வைத்தாள். விரல் பதிந்துவிட்டது. எடுக்கவில்லை.

"அவருதான் மக்கா."

அப்புறம் கேட்டாள்: "பின்னால எனக்கு எடம் எங்க?"

கல் தருகிறவருக்குச் சாயங்காலம் போன் செய்தேன். சொன்ன அளவு போதாது, இன்னும் இரண்டு முழம் நீளம் வேண்டும் என்றேன். அங்கே என்ன வருகிறது என்று கேட்டார்.

ஒன்றும் வராது, ஓர் ஆள் உட்கார இடம் என்றேன்.