தறிக்குழியின் உயரம்

அக்கா,

உன் படத்தின் சட்டத்திலிருந்து வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. தறிக்கு எதிர்ச் சுவரில் உன் மகள் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களெல்லாம், "அப்படியே எதிர்ல உக்காந்துகினு இருக்காங்க" என்கிறார்கள். நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அந்தக் கண் உன்னுடையது அல்ல.

உன் காரியத்துக்குப் படம் கேட்டார்கள். ஆரணியில் எத்தனையோ கல்யாணங்களை எடுத்தவன், சொந்த அக்காவின் படம் இல்லாமலா போகும் என்று பெட்டியைத் திறந்தேன். நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் நீ தறியில் இருந்தாய். உன் உச்சி வகிடு தெரிந்தது. புடவைக் கரையின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. முகம் மட்டும் தண்ணீரில் கரைந்த மாதிரி இருந்தது.

போட்டோ லேபில் இருந்தவர் பெரிதாக்கிப் பார்த்தார். "ஐயா, பொடவ சூப்பரா கீது. ஆளுதான் அவுட் ஆயிடுச்சி. ஆதார் போட்டோ கீதுங்களா?"

"அதுல அம்மா திருட்டு கேசுல மாட்டினவங்க மாதிரி இருப்பாங்க" என்றாள் உன் மகள்.

"அப்ப கம்ப்யூட்டர்லயே கண்ண வெச்சிடலாம்ங்க. ஜல்தியா ஆயிடும்."

கூடவே கூடாது என்றேன். உன் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரி மாமா. அப்ப நீங்க எடுத்த கண்ண குடுங்க."

என்னிடம் இல்லை.

கம்ப்யூட்டர் கண்ணையே வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே அளவில், அகலமாக. உன் இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். கேலி பேசும்போது இன்னும் தாழும். அது அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?

என் பக்கமும் நியாயம் உண்டு. பட்டுக்கடைக்காரர்கள் காலண்டருக்குக் கேட்டது புடவையைத்தான். தறி அறையில் வெளிச்சம் போதாது. லென்ஸை முழுக்கத் திறந்தால் ஒன்றுதான் தெளிவாக விழும்: சரிகை, இல்லையென்றால் கண். நான் சரிகை தெளிவாகும்படி லென்ஸ் வளையத்தைத் திருப்பினேன். யாரிடமும் போய் நிற்காமல் நானே கற்ற தொழில் அது. அதில் யார் சொல்லையும் கேட்டதில்லை. உன் சொல்லையும்தான்.

நீ சொல்லாமல் இல்லை. காலைத் தறிக்குழிக்குள் தொங்கவிட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்வாய். நான் நின்றபடி எடுப்பேன்.

"டேய், எத்தினி வாட்டிடா என் உச்சந்தலைய எடுப்ப? பேன் பாக்கறியா? கீழ எறங்கி வா."

"கேமராவப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"கேமரா தெரியாது. என் மூஞ்சி எங்க கீதுன்னு தெரியும்."

நெசவில் குனிந்திருக்கும் உன் கண்ணைப் பிடிக்க வேண்டுமென்றால் நான் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். பக்கத்தில் கடைக்காரர் நிற்கிறார், நான் வெள்ளை வேட்டியில் இருக்கிறேன். படுப்பேனா? நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்கிறாயே என்று உன்னையே திட்டினேன். நீ குனிந்து நெசவைத் தொடர்ந்தாய்.

நேற்று உன் மகள் நெய்துகொண்டிருந்தாள். கேமராவோடு போய், குழியோரத்தில் பாய்கூடப் போடாமல் படுத்தேன்.

"மாமா! எழுந்துக்க முடியுமா? ஆள கூப்புடட்டா?"

"சிரிச்சிகினே இரு. நூல பாக்காத, என்ன பாரு."

அவள் கண் தெளிவாகும் இடத்தில் வளையத்தை நிறுத்தினேன். முன்னால் இருந்த சரிகை வெறும் மஞ்சள் கறையாகக் கலைந்துபோனது. கலையட்டும் என்று விட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் புடவை வாங்கக் கடைக்காரர் வந்தார். நான் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நின்றார். பேச வேண்டுமே என்று படுத்தபடி கண்ணை உயர்த்தினேன். எதிரே அவருடைய முழங்கால்கள்தான் இருந்தன.

சுவரில் இருக்கிற அந்தக் கண்ணை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை அக்கா. ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் படத்தைக் கழற்றச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நீ வேலைக்கு நடுவே கண்ணை உயர்த்தியபோதெல்லாம் எதிரே என்ன இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். உன் முகம் என்னிடம் மங்கலாகத்தான் இருக்கிறது. என் முழங்கால்களை நீ ரொம்பத் தெளிவாகப் பார்த்திருப்பாய்.